விலாசம் தெரிந்த தலைமறைவு

1985 அக்டோபரில் 'புன்ட்டே' என்ற மேற்கு ஜெர்மனி வார இதழ், டமாஸ்கஸில் எடுத்த பேட்டி ஒன்றைப் படங்களோடு வெளியிட்டது. படத்தில் இருந்தவனுக்கு அப்போது 73 வயது. ஒரு கண் போயிருந்தது. இடது கையில் சில விரல்கள் இல்லை. சர்வதேச நீதிமன்றம் என்றால் வருகிறேன், இஸ்ரேலிடம் மட்டும் சிக்க மாட்டேன், நான் இன்னொரு ஐக்மன் ஆகப்போவதில்லை என்று அவன் சொன்னான். ஐக்மன், இஸ்ரேல் பிடித்துக் கொண்டுபோய் விசாரித்துத் தூக்கிலிட்ட நாஜி அதிகாரி. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சிகாகோ நாளிதழ் ஒன்று அவனைத் தொலைபேசியில் பிடித்தது. யூதர்கள் சாக வேண்டியவர்கள்தாம், எனக்கு வருத்தமே இல்லை, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் செய்வேன் என்றான்.

அவன் பெயர் அலோய்ஸ் புருன்னர். நாஜிகளின் எஸ்.எஸ். படையில் கேப்டனுக்கு இணையான பதவியில் இருந்தவன். ஆஸ்திரியாவிலிருந்து 47,000 பேர், கிரீஸிலிருந்து 44,000 பேர், பிரான்சிலிருந்து 23,500 பேர், ஸ்லோவாக்கியாவிலிருந்து 14,000 பேர் என ஏறத்தாழ 1,28,500 யூதர்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பிய பொறுப்பு அவன்மேல் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவ நீதிமன்றங்கள் 1954இலேயே அவனுக்கு மரண தண்டனை விதித்திருந்தன. பத்திரிகைகள் அவனைப் படம் எடுத்தன, பேசின, எழுதின. சிரியா அரசு மட்டும் அப்படி ஓர் ஆள் எங்கள் நாட்டில் இல்லை என்று கடைசிவரை சாதித்தது. அவன் இறந்த ஆண்டு 2001 என்கிறார்கள் சிலர். 2010 என்கிறார்கள் வேறு சிலர். உடல் கிடைக்கவில்லை.

இதை மர்மக்கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆவணங்களையும் சாட்சிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இதில் மர்மம் மிகக் குறைவு. அவன் செய்தது தெரியும். தப்பிய வழி தெரியும். குடியிருந்த தெருவும் வீட்டு எண்ணும் தெரியும். தெரியாமல் போனது முடிவு ஒன்றுதான். அதுவும் தானாக மறையவில்லை; சில அரசுகளின் அலுவலகங்களில் உட்கார்ந்து மறைக்கப்பட்டது.

புருன்னர் 1912 ஏப்ரல் 8 அன்று பிறந்தான். ஊர் ரோர்புருன், அன்று ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, இன்று ஆஸ்திரியாவின் பர்கன்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. 1931இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தான். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது வியன்னாவில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களை வெளியேற்றுவதற்கென்று அடால்ஃப் ஐக்மன் அந்த ஆகஸ்டில் ஓர் அலுவலகம் திறந்தான். ரோத்ஷில்ட் குடும்பத்திடமிருந்து பறித்த மாளிகைதான் அலுவலகம். ஒரு வாசலில் வீடு, கடை, வங்கிக் கணக்கு என்று எல்லாமும் உள்ள குடிமகனாக நுழைகிறவர், மேசை மேசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போய், மறு வாசலில் கடவுச்சீட்டு ஒன்றோடு வெளியே வருவார். குறித்த கெடுவுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் வதைமுகாம். அந்த ஆண்டு நவம்பரில் புருன்னர் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். 1941இல் அதன் தலைவன் ஆனான்.

அதே ஆண்டு அலுவலகத்தின் வேலையும் மாறிவிட்டது. யூதர்கள் வெளிநாடு போவதற்குத் தடை வந்தது. கிழக்கே அனுப்புவது தொடங்கியது. வியன்னாவில் யூதர்கள் அதிகம் வாழ்ந்த லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்துத் திரட்டும் முகாமாக்கினார்கள். வகுப்பறைத் தரையில் மக்களைப் படுக்க வைத்து, அங்கிருந்து ஆஸ்பாங் ரயில் நிலையத்துக்கு லாரிகளில் கொண்டுபோனார்கள். ரயில்கள் லோட்ஸ், ரிகா, மின்ஸ்க், தெரேசியன்ஸ்டாட் என்று போயின. மின்ஸ்க் அருகே உள்ள மாலி திராஸ்தினெட்ஸ் என்ற இடத்தில் மட்டும் ஆஸ்திரிய யூதர்கள் சுமார் பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு முகாம் வாழ்க்கைகூட இல்லை. ரயிலிலிருந்து இறக்கி நேரே குழிக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த வேலையில் புருன்னர் சேர்த்தது ஓர் உத்தி. யூத சமூக அமைப்பையே தன் கையாளாக்கினான். யாரைப் பிடிக்க வேண்டும் என்று இவன் சொல்வான். அவர்களை வீட்டிலிருந்து அழைத்துவர யூத ஊழியர்களே போக வேண்டும். ஆள் குறைந்தால் அந்த ஊழியரும் அவர் குடும்பமும் ரயிலேற வேண்டும். ஆயிரக்கணக்கானோரை அனுப்ப விரல்விட்டு எண்ணக்கூடிய எஸ்.எஸ். ஆட்கள் போதும் என்று அவன் காட்டினான். மேலிடத்துக்கு அது பிடித்துப்போயிற்று. வியன்னா காலியானதும் 1942 அக்டோபரில் அவனைப் பெர்லினுக்கு அழைத்து, தலைநகரத்து கெஸ்டபோ என்ற ரகசியக் காவல்துறைக்கு இதே பாடத்தை நடத்தச் சொன்னார்கள். ஐக்மன் அவனைத் தன் சிறந்த ஆட்களில் ஒருவன் என்று மெச்சியது இதற்காகத்தான்.

காகிதத்தில் கணக்குப் போடுகிற அதிகாரி என்று மட்டும் அவனை நினைத்துவிடக் கூடாது. 1942 பிப்ரவரியில் வியன்னாவிலிருந்து ரிகாவுக்குப் போன ரயிலில் சீக்முண்ட் போசெல் என்பவர் இருந்தார். ஒரு காலத்தில் வியன்னாவின் பெரிய வங்கியாளர். நோயாளியாக இருந்தவரை இரவு உடையோடு இழுத்து வந்திருந்தார்கள். புருன்னர் அவரைப் பெட்டியின் திறந்த மேடையில் உறைபனிக் குளிரில் சங்கிலியால் கட்டினான். பணம் சம்பாதித்ததைச் சொல்லிச் சொல்லித் திட்டினான், பிறகு சுட்டுக் கொன்றான். அதே ரயிலில் பயணம் செய்து உயிர் பிழைத்தவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். இலட்சம் என்ற எண் மனத்தில் பதியாது. கட்டிப்போடப்பட்ட அந்த ஒரு மனிதரை வைத்துத்தான் புருன்னர் யார் என்று புரிந்துகொள்ள முடிகிறது.

1943 பிப்ரவரி 6 அன்று டீட்டர் விஸ்லிசெனி என்ற சக அதிகாரியோடு அவன் கிரீஸின் தெசலோனிகி வந்து இறங்கினான். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் ஆட்டோமான் பேரரசில் அடைக்கலம் தேடி வந்து குடியேறிய துறைமுக நகரம் அது. 450 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் வீட்டில் பேசியது லடினோ என்ற பழைய ஸ்பானிய மொழி. துறைமுகக் கூலிகளிலிருந்து புகையிலைத் தொழிலாளிகள், அச்சகக்காரர்கள், வணிகர்கள் வரை எல்லாத் தொழிலிலும் இருந்தார்கள். சுமார் 50,000 பேர். நகரத்து யூதக் கல்லறைத் தோட்டம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்டது. புருன்னர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அதை உடைத்துக் கற்களைக் கட்டட வேலைக்கு அள்ளிப் போயிருந்தார்கள். இன்று அந்த நிலத்தில் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கிறது.

வியன்னாவில் ஆண்டுக்கணக்கில் நடந்ததை இங்கே வாரக்கணக்கில் முடித்தார்கள். மஞ்சள் நட்சத்திரம் அணிய உத்தரவு, பிறகு சேரிகளில் அடைப்பு, பிறகு சொத்துக் கணக்கு. ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பாரன் ஹிர்ஷ் என்ற ஏழைக் குடியிருப்பைச் சுற்றி வேலி போட்டு, அதைப் புறப்பாட்டு முகாமாக்கினார்கள். ஒரு கூட்டத்தை ரயிலேற்றியதும் அடுத்த பகுதி மக்களை அங்கே கொண்டுவந்து நிரப்புவார்கள். முதல் ரயில் மார்ச் 15 அன்று கிளம்பியது. புருன்னர் வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

போலந்தில் கிராகோவ் பக்கம் குடியேற்றப் போகிறோம் என்று சொன்னார்கள். நம்ப வைப்பதற்காக, கையில் இருந்த கிரேக்கப் பணத்தை வாங்கிக்கொண்டு போலந்து ஸ்லோட்டி நாணயத்துக்கான சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். குளிர் நாட்டுக்குப் போகிறோமே என்று கம்பளி சேர்த்துக் கட்டிய குடும்பங்கள் அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டன. அதை மாற்ற எந்த ஊரிலும் வங்கி இல்லை. நகைகளை ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தவர்களை புருன்னர் தங்கியிருந்த வீட்டின் நிலவறைக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ஐந்து நாளுக்குக் குறையாத பயணம். போய்ச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றைக்கே விஷவாயுக் கூடத்தில் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டுக்குள் லடினோ பேசிய அந்த நகரமே காலியாகிவிட்டது. புருன்னர் அதுவரைகூட அங்கே இருக்கவில்லை. வேலை ஏறக்குறைய முடிந்ததும் பாரிஸுக்குப் போய்விட்டான்.

பாரிஸின் வடகிழக்கே திரான்சி என்ற புறநகரில், பாதி கட்டி நின்றுபோன நான்கு மாடி அடுக்குக் குடியிருப்பு ஒன்று முகாமாகப் பயன்பட்டது. பிரெஞ்சுக் காவல்துறைதான் அதை நடத்திவந்தது. இதைப் பிரெஞ்சு அரசு ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. 1943 ஜூலை தொடக்கத்தில் புருன்னர் தன் ஆஸ்திரியக் கூட்டாளிகள் சிலரோடு வந்து முகாமைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான். கைதிகளில் சிலரை வெளியே அனுப்பி, ஒளிந்திருக்கும் உறவினர்களைச் சரணடையச் சொல்ல வைத்தான். போனவர் திரும்பாவிட்டால் முகாமில் இருக்கும் அவர் மனைவி மக்களுக்கு ஆபத்து. அந்த இலையுதிர் காலத்தில் கைதிகள் முகாமுக்கு அடியில் இரவும் பகலும் முறைவைத்து ஒரு சுரங்கம் தோண்டினார்கள். வெளியே எட்டச் சில மீட்டர்களே பாக்கி இருந்தபோது, நவம்பரில், அது கண்டுபிடிக்கப்பட்டது.

செப்டம்பரில் அவனே நீஸ் நகருக்குப் போயிருந்தான். தென்கிழக்கு பிரான்சின் அந்தக் கடற்கரைப் பகுதி அதுவரை இத்தாலியப் படையின் கையில் இருந்தது. ஹிட்லரின் கூட்டாளி நாடாக இருந்தும், இத்தாலிய அதிகாரிகள் யூதர்களைப் பிடித்துக் கொடுக்க மறுத்தார்கள். அதனால் பிரான்சின் பிற பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் அங்கே வந்து குவிந்திருந்தார்கள். செப்டம்பர் 8 அன்று இத்தாலியின் சரணாகதி அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் புருன்னர் நீஸில் இருந்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எக்செல்சியர் ஹோட்டலைப் பிடித்துத் தலைமையிடமாக்கினான். காட்டிக்கொடுப்பவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம். தெருவில் போகிற ஆண்களை நிறுத்தி விருத்தசேதனம் செய்திருக்கிறதா என்று சோதித்தார்கள்.

செப்டம்பர் 30 இரவு ஒரு குடியிருப்பில் தேடுதல் நடந்தது. ஆர்னோ கிளார்ஸ்ஃபெல்ட் என்பவர் தன் வீட்டில் முன்னேற்பாடாக ஒரு சுவர் அலமாரிக்குப் பின்னால் பொய்த் தடுப்பு வைத்து மறைவிடம் செய்திருந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அதற்குள் நிறுத்திவிட்டு, கதவைத் தட்டியவர்களிடம் தானே போய்த் தன்னை ஒப்புக்கொடுத்தார். வீடு காலியாக இருந்து, ஆள் ஒருவரும் கிடைக்காமல் போயிருந்தால் சுவர்களை உடைத்துத் தேடியிருப்பார்கள். அலமாரிக்குப் பின்னால் மூச்சடக்கி நின்ற மகன் செர்ஜுக்கு அப்போது எட்டு வயது. தந்தை திரான்சி வழியாக ஆஷ்விட்ஸ் போய் அங்கே மாண்டார். புருன்னரை ஆயுள் முழுக்கத் துரத்தப்போகிறவர் அந்தச் சிறுவன்தான்.

நீஸில் புருன்னர் எதிர்பார்த்த அறுவடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் பிடிபட்டவர்கள் சுமார் 1,800 பேர். மீதிப் பேரை மடங்களும் பள்ளிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மலைக் கிராமத்து விவசாயிகளும் ஒளித்து வைத்தார்கள். மூசா அபாதி என்ற இளைஞர், மருத்துவர் ஒடெட் ரோசன்ஸ்டாக்கோடு சேர்ந்து, நீஸ் ஆயர் பால் ரெமோனின் ஆதரவில் 527 குழந்தைகளுக்குப் பெயர் மாற்றி, பொய் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் தயாரித்துக் காப்பாற்றினார். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பழைய பெயர் வாயில் வரக்கூடாது. அபாதி டமாஸ்கஸில் பிறந்த சிரிய யூதர். பின்னாளில் புருன்னருக்கு நிழல் கொடுத்தது அதே டமாஸ்கஸ். இதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிவிட்டன. ஜெர்மனி தோற்கிறது என்று ஜூலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாரிகளும் ரயில் பெட்டிகளும் போர்முனைக்கே போதவில்லை. அந்த நேரத்தில் புருன்னர் செய்தது என்ன? பாரிஸைச் சுற்றியிருந்த யூத அநாதை இல்லங்களை ஜூலை பிற்பகுதியில் சோதனையிட்டு, பெற்றோர் ஏற்கெனவே நாடுகடத்தப்பட்ட குழந்தைகளாகப் பார்த்து சுமார் 250 பேரைப் பிடித்தான். ஜூலை 31 அன்று கிளம்பிய 77ஆம் எண் ரயிலில் சுமார் 1,300 பேரை ஏற்றினார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மூன்றரை வாரத்தில் பாரிஸ் விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 17 அன்று, கையில் அகப்பட்ட 51 கைதிகளையும் ரயிலில் இழுத்துக்கொண்டுதான் அவன் ஓடினான். திரான்சியில் எஞ்சியிருந்த சுமார் 1,500 பேர் மறுநாள் சுதந்திரமாக வெளியே வந்தார்கள்.

மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம் நாஜிகள் எல்லோர் வாயிலும் வந்தது. இந்த ஜூலை மாதம் அந்த வாதத்தை முறித்துப்போடுகிறது. தோற்கும் போரில், பின்வாங்கும் படையில், ஆறு வயதுக் குழந்தையைத் தேடிப்போக ஒருவன் சொந்த ஆர்வத்தோடு உழைத்தாக வேண்டும். அவன் உழைத்தான். பாரிஸிலிருந்து ஓடிய அடுத்த மாதமே ஸ்லோவாக்கியாவில் இருந்தான். அங்கே செரெத் முகாமை நடத்தி 1945 மார்ச் இறுதிவரை ரயில்களை அனுப்பினான். பிராட்டிஸ்லாவாவின் யூதத் தலைவியும், பேரம் பேசியும் லஞ்சம் கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முயன்றவருமான கிசி ஃபிளைஷ்மன் அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். இவர் திரும்பி வருவது விரும்பத்தக்கதல்ல என்ற குறிப்பும் அவரோடு போயிற்று. கடைசி ரயில் கிளம்பியபோது சோவியத் படைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

போர் முடிந்ததும் அவனைக் காப்பாற்றியவை இரண்டு. எஸ்.எஸ். வீரர்களின் இடது கையின் உள்பக்கம் பச்சை குத்தியிருக்கும் ரத்த வகை அடையாளம் இவனுக்கு இல்லை. கைதிகளை வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லித் தேடிய நேச நாட்டுப் படையினரிடம் அதனால் தப்பினான். அடுத்தது பெயர்க் குழப்பம். வியன்னா அலுவலகத்திலேயே அன்டன் புருன்னர் என்று இன்னொருவன் இருந்தான், அவனும் கொடியவன்தான். அவனைப் பிடித்து விசாரித்து 1946 மே மாதம் வியன்னாவில் தூக்கிலிட்டார்கள். புருன்னர் கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

உண்மையான ஆள், உறவினர் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு மேற்கு ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் வாழ்ந்தான். சில காலம் அமெரிக்க ராணுவத்துக்கே லாரி ஓட்டினான். பிறகு சுரங்க வேலை. 1954இல் பிரெஞ்சுத் தீர்ப்புகள் வந்தபின், கேயார்க் ஃபிஷர் என்ற பெயரில் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு ரோம், எகிப்து வழியாக டமாஸ்கஸ் போய்ச் சேர்ந்தான். ஹத்தாத் தெரு, ஏழாம் எண் வீடு. 'டாக்டர் ஃபிஷர்'.

அங்கே வணிகம் செய்தான், ஆயுத வியாபாரத்தில் கை வைத்தான், சிரிய உளவுத்துறையின் நெருக்கத்தைச் சம்பாதித்தான். சிரியச் சிறைகளில் கைதியின் முதுகை வளைத்து முறிக்கும் 'ஜெர்மன் நாற்காலி' என்ற கருவியை அறிமுகப்படுத்தியவன் இவன்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்த வதை உண்மை. அதை அனுபவித்தவர்களின் வாக்குமூலங்கள் ஏராளம். அதற்குத் தந்தை புருன்னர் என்ற பகுதியை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். எல்லாக் கொடுமைக்கும் ஒரு நாஜியைக் காரணம் காட்டினால் உள்ளூர்க் கொடுமைக்காரர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள்.

அவன் இருப்பிடம் ரகசியமாக இருக்கவில்லை. 1961இல் டமாஸ்கஸுக்கு வந்த கடித வெடிகுண்டில் கண் போயிற்று. 1980இல் மூலிகை ஆர்வலர் சங்கம் அனுப்பியதுபோல் வந்த தபாலில் விரல்கள் போயின. இரண்டுமே இஸ்ரேல் உளவு அமைப்பான மொசாட்டின் வேலை என்பது பரவலான கருத்து. குறி தவறாமல் தபால் அனுப்புகிற அளவுக்கு முகவரி தெரிந்திருந்தது. நாஜிக் குற்றவாளிகளைத் தேடுவதையே வேலையாகக் கொண்ட சைமன் வீசென்தால், தான் தேடிக்கொண்டிருந்த குற்றவாளிகளில் உயிரோடு இருப்பவர்களில் மிக மோசமானவன் இவன் என்று ஓயாமல் சொல்லிவந்தார். செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்டும் அவர் மனைவி பெயாட்டும் தனித்தனியே டமாஸ்கஸ் வரை போய்ப் பார்த்தார்கள். சிரியா இருவரையும் திருப்பி அனுப்பியது. பெயாட் ஒரு ஜெர்மானியர், ஜெர்மன் ராணுவ வீரர் ஒருவரின் மகள். மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்த முன்னாள் நாஜிக் கட்சிக்காரர் கீசிங்கரை 1968இல் மேடையேறிக் கன்னத்தில் அறைந்தவர் அவர்தான்.

சிரிய அதிபர் ஹாஃபெஸ் அல் அசாத்தின் அரசு ஏன் இவனைக் காத்தது? யூதர்மேல் வெறுப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. உளவுத்துறைக்குள் நுழைந்தவன் நிறையத் தெரிந்தவன் ஆகிவிடுகிறான். வெளியே விட்டால் வாய் திறப்பான். இல்லவே இல்லை என்று ஒரு தடவை சொன்ன அரசால், பிறகு இதோ என்று நீட்ட முடியாது. 1980களின் இறுதியில் அவனைக் கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்படைக்கலாம் என்று ஒரு பேச்சு நெருங்கி வந்தது. கிளார்ஸ்ஃபெல்ட் தம்பதிதான் அதற்குப் பின்னால் இருந்தார்கள். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது; ஒப்படைப்பை ஏற்க ஒப்பிய அரசே இல்லாமல் போயிற்று.

ஜெர்மனியின் பங்கும் சிறியதல்ல. அவனுக்கு எதிராகப் பிடியாணை இருந்தது; 1990களில் சன்மானமும் அறிவித்தார்கள். ஆனால் ஜெர்மன் உளவுத்துறை அவனைப் பற்றித் தான் வைத்திருந்த 581 பக்கக் கோப்பை அதே 1990களின் நடுவில் அழித்துவிட்டது. இந்தச் செய்தி 2011இல்தான் வெளியே வந்தது. ஒரு பக்கம் ஆளைக் காட்டினால் பணம் தருகிறோம் என்று அறிவிப்பு. மறு பக்கம் அவனைப் பற்றிய காகிதங்களுக்கு அழிப்பு உத்தரவு. போருக்குப் பின் ஒன்பது ஆண்டு அவன் ஜெர்மனியில் எப்படி வாழ்ந்தான், யார் தப்பிக்க உதவினார்கள், உளவுத்துறைக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு எத்தகையது என்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கங்கள் பதில் சொல்லியிருக்கலாம். இந்தக் கதை முழுவதிலும் என்னை அதிகம் கொதிக்க வைப்பது இந்த இடம். சிரியா சர்வாதிகார நாடு. ஜெர்மனி சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாடு, தன் கடந்த காலத்தைத் தானே விசாரித்துக்கொண்ட நாடு.

பிரான்சில் வழக்கு மறுபடி உயிர்பெற்றதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. 1954 தீர்ப்புகள் போர்க்குற்றங்களுக்கானவை. இருபது ஆண்டு நிறைவேறாமல் கிடந்தால் அந்தத் தண்டனை காலாவதி ஆகிவிடும். ஆனால் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது என்று பிரான்ஸ் 1964இல் சட்டம் இயற்றியது. முந்தைய தீர்ப்புகளில் சேராத குற்றம் ஒன்றை வைத்து இந்தச் சட்டத்தின்கீழ் புது வழக்குப் போட வேண்டும். செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் வழக்கறிஞர். அந்த 1944 ஜூலைக் குழந்தைகளை வைத்து வழக்கைக் கட்டினார். 2001 மார்ச் 2 அன்று பாரிஸ் நீதிமன்றம் புருன்னருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றவாளிக் கூண்டில் யாரும் இல்லை.

அதே கிளார்ஸ்ஃபெல்ட் 1978இல், பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களின் பெயர்களை ரயில் வாரியாகத் தொகுத்து வெளியிட்டிருந்தார். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், கிளம்பிய தேதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. நாடுகடத்தலின்போது தட்டச்சு செய்து வைத்த பயணிப் பட்டியல்களின் நகல்கள், மங்கிப்போன மெல்லிய தாள்கள், அதற்கு மூலம். 77ஆம் ரயிலில் போன கைக்குழந்தைகளுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது.

புருன்னரின் சாவைப் பற்றி இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. 2014 இறுதியில் சைமன் வீசென்தால் மையத்தின் எஃப்ராயிம் சுரோஃப், முன்னாள் ஜெர்மன் உளவு அதிகாரி ஒருவரின் தகவலை வைத்து, நான்கு ஆண்டுக்கு முன்பே அவன் டமாஸ்கஸில் இறந்துவிட்டதாக அறிவித்தார். 99 சதவீதம் நிச்சயம் என்றார். 2017 ஜனவரியில் பிரெஞ்சுக் காலாண்டிதழ் ஒன்று, அவனுக்குக் காவல் இருந்த சிரியர்களையே கண்டுபிடித்து வேறு கதை சொன்னது. 1990களில் அவனை ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நிலவறைக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள்; கதவு அதன்பின் திறக்கவே இல்லை. சாப்பாடு ராணுவ ரேஷன். முட்டையா உருளைக்கிழங்கா, ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். கடைசி ஆண்டுகளில் அழுதுகொண்டே கிடந்தான். 2001 டிசம்பரில், 89 வயதில் இறந்தான். இரவோடு இரவாக அல் அஃபீஃப் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

எனக்கு இரண்டாவது கதைதான் நம்பும்படி இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் போன்ற விவரங்கள் கற்பனையில் எளிதில் வருவதில்லை. கிளார்ஸ்ஃபெல்டும் அதை நம்பத்தக்கது என்றார். ஆனாலும் இது சாட்சியம் மட்டும்தான். பிரேசிலில் 1979இல் மூழ்கி இறந்த ஆஷ்விட்ஸ் மருத்துவன் மெங்கலேயின் எலும்புகளை மரபணுச் சோதனை 1992இல் உறுதி செய்தது. ஹிட்லரின் செயலாளன் மார்ட்டின் போர்மனின் எலும்புகள் பெர்லினில் கிடைத்தன. 1998இல் அதே சோதனை அந்த வழக்கை முடித்தது. வதைமுகாம்களின் மருத்துவன் அரிபர்ட் ஹைம் கெய்ரோவில் இறந்ததற்கு ஒரு பெட்டி நிறைய ஆவணங்கள் 2009இல் வெளிவந்தன. புருன்னர் விஷயத்தில் அந்த அளவு ஆதாரம் இதுவரை இல்லை.

நிலவறைக் கதையைப் படிக்கும் சிலர், நல்ல தண்டனை கிடைத்தது என்று ஆறுதல் அடைகிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. அவனை அடைத்தவர்கள் தெசலோனிகிக்காக அடைக்கவில்லை. தங்களுக்குத் தொல்லையாகிப்போன கிழவனை உலகத்தின் கண்ணிலிருந்து ஒளித்தார்கள். 1961இல் ஜெருசலேமில் ஐக்மன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்க வேண்டியிருந்தது. 1987இல் லியோனில், அந்நகர கெஸ்டபோ தலைவனாக இருந்த கிளாஸ் பார்பியின் வழக்கில், பிழைத்த கைதிகள் வயதான காலத்தில் எழுந்து நின்று பேசினார்கள். பிரான்ஸ் முழுக்கக் கேட்டது. புருன்னருக்கு எதிராக அப்படிப் பேசக் காத்திருந்தவர்கள் தெசலோனிகியிலும் நீஸிலும் பிராட்டிஸ்லாவாவிலும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த நாள்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் குடும்ப ஆட்சி விழுந்தது. டமாஸ்கஸ் உளவுத்துறைக் கட்டடங்களின் கதவுகள் உடைந்து, தரை முழுக்கக் கோப்புகள் சிதறிக் கிடந்ததை உலகம் பார்த்தது. காணாமல் போன இலட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்களின் குடும்பங்கள் அந்தக் காகிதங்களில் தங்கள் பிள்ளைகளைத் தேடுகின்றன. அவர்களுக்குத்தான் அங்கே முதல் உரிமை. அந்தத் தேடலினூடே 'ஃபிஷர்' என்ற கோப்பு அகப்படுமானால், இறந்த தேதியோடு நின்றுவிடாமல், அவனுக்குக் குடியிருப்பு அனுமதி கொடுத்தது யார், சம்பளம் போனது எந்தத் துறையிலிருந்து, ஜெர்மனியின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இல்லை என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டவர்கள் யார் என்ற பக்கங்களையும் வெளியிட வேண்டும். ஜெர்மனி அழித்த 581 பக்கங்கள் திரும்பி வரப்போவதில்லை.